டயர் கடையில் பொய் சொல்ல ஏலாது

ஒரு கார் முப்பது வருஷமாகக் கல்லில் நிற்கிறது. நிற்கட்டும். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அடியில் கோழி படுக்கிறது, மேலே பூனை படுக்கிறது, இரண்டுக்கும் இடையில் சமாதானம் நிலவுகிறது. ஆனால் அந்தக் காருக்குச் சொந்தக்காரியின் புருஷன் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து டயர் தேடத் தொடங்கினால், அதைச் சாதாரண விஷயம் என்று விட்டுவிட முடியாது.

குணேஸ்வரி விட்டுவிடவில்லை. பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்தே தலை நரைத்த ரீச்சர் அவள். பார்த்தெழுதுகிற பிள்ளை மடியைப் பார்க்காது, மின்விசிறியைத்தான் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனந்தராசா வெள்ளிக்கிழமையிலிருந்து மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் நின்ற நேரத்திலும்.

காரின் கதை ஊருக்கு ஓரளவு தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பச்சை நிற எம்.ஜி., இரண்டே இருக்கை, மடிக்கிற கூரை. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது ஒரு அதிகாரி கப்பலில் ஏற்ற வழியில்லாமல் விற்றுவிட்டுப் போனது. வாங்கியவர் குணேஸ்வரியின் அப்பா தம்பிராசா. அவர் அதைத் தன் மகன் சிவரூபனுக்கு என்று வாயால் சொல்லியிருந்தார்.

வாயால் மட்டும். குணேஸ்வரியின் கலியாணத்துக்குச் சீதன உறுதிப் பத்திரம் எழுதியபோது, நம் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குப் போனது. நொத்தாரிசு "வீடும் வளவும் வளவுக்குள் உள்ள சகலதும்" என்று எழுதினார். எழுதுவதற்கு முன் காரை வெளியே எடுத்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து நாலு டயரிலும் காற்றில்லை, தள்ள ஆளும் இல்லை. இப்படியாக ஒரு விளையாட்டுக் கார் கிணறு, தென்னை, கோழிக்கூடு ஆகியவற்றோடு சேர்ந்து சீதனத்துக்குள் போய்விட்டது. "பிறகு எடுக்கலாம்" என்றார்கள். அப்பாவின் செத்தவீட்டுச் சடங்கில் அந்தப் "பிறகு" பெரிய சண்டையாக வெடித்தது. சிவரூபன் வடக்கே, நிலாவெளி தாண்டி, இறக்கக்கண்டிக்குப் போய்ப் படகு எஞ்சின் திருத்தத் தொடங்கினான். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசவில்லை.

இப்போது குணேஸ்வரியின் ஒரே மகள் பிரியதர்சினிக்குக் கலியாணம். அடுத்த கிழமை. மாப்பிள்ளைக்கு ஊர் உப்புவெளி. தாய்மாமன் நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் தம்பலகாமத்து ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் நிற்பார் என்று குணேஸ்வரி அறிவித்திருந்தாள். அவர் நல்ல மனிதர். உழவு மிஷின் வைத்திருக்கிறார். புது வேட்டியும் வாங்கிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் டயர்.

புதன்கிழமை காலை குணேஸ்வரி குசினி யன்னலால் பார்த்தபோது ஆனந்தராசா காரின் கீழே கிடந்தார். கால் மட்டும் தெரிந்தது. காலில் நல்ல செருப்பு. வெளியே போகப் போகிறார்.

"என்ன அளக்கிறியள்?"

"சும்மா."

"சும்மா அளக்கிறதுக்கு என்ர தையல் நாடாதான் கிடைச்சுதோ?"

ஆனந்தராசா வெளியே வந்து, நெற்றியில் கிறீஸோடு சிரித்தார். துறைமுக அலுவலகத்தில் இளைப்பாறியவர். எஞ்சினை மட்டும் அவர் இத்தனை வருஷமும் விடவில்லை. மாதத்துக்கு ஒருக்கா உறுமவிட்டு, கோழியைக் கலைத்துவிட்டு, நிற்பாட்டுவார். அதை அவருடைய ஒரே கெட்ட பழக்கம் என்று குணேஸ்வரி மன்னித்திருந்தாள்.

"டயர் கடைக்கு ஒருக்காப் போட்டு வாறன், குணேஸ்."

"என்னத்துக்கு?"

"சும்மா பாக்கத்தான்."

"பொறுங்கோ, சீலை மாத்திக்கொண்டு வாறன்."

"உமக்கு அங்க என்ன வேலை?"

"சும்மா பாக்கத்தான்."

நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் பிரியதர்சினி கலியாண லீவில் நின்றாள். அவளும் தலையை வாரிக்கொண்டு வெளியே வந்தாள். "நானும் வாறன். வீட்டில இருந்து என்ன செய்யிறது?" கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது வீட்டில் செய்ய வேலை இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். வேறொரு நாள் என்றால் குணேஸ்வரி இதை உடனே பிடித்திருப்பாள். அன்றைக்கு அவளுடைய சந்தேகம் முழுவதையும் புருஷன் வாடகைக்கு எடுத்திருந்தார்.

ஓட்டோவில் மூவரும் நெருக்கிக்கொண்டு போனார்கள். உள்துறைமுக வீதியில் ஒரு மான் குறுக்கே நின்று தேர்தல் சுவரொட்டி ஒன்றை மெல்லத் தின்றுகொண்டிருந்தது. ஓட்டோக்காரர் அது ஒரு வேட்பாளரை முடிக்கும்வரை காத்திருந்தார்.

குணேஸ்வரிக்கு அந்த நேரம் யோசிக்க உதவியது. முதல் சந்தேகம்: கொழும்பிலிருந்து பழைய கார் சேர்க்கிற ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கு விற்கப் போகிறார். இரண்டாவது: காரில் இரண்டு இருக்கை, ஒன்று அவருக்கு, மற்றது ஆருக்கு? இந்த இரண்டாவதை அவள் நீண்டநேரம் வைத்திருக்கவில்லை. மனிதர் பக்கவாட்டில் இருந்துகொண்டு வாய் திறந்து கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிக்குள் சந்தேகம் செத்துப்போனது. மூன்றாவதை அவள் யோசிக்க விரும்பவில்லை. அதனாலேயே அது பெரிதாக இருந்தது.

முனாப் நானாவின் கடை ரப்பர் கோபுரங்களாக நின்றது. முனாப் கிண்ணியாக்காரர், நல்ல வாய். ஒரு வாகனத்தைச் சொன்னால் அதன் டயரைச் சொல்வார். உங்களுக்கு எந்த டயர் தேவை என்பதைவிடத் தன்னிடம் எந்த டயர் விற்காமல் கிடக்கிறது என்பது அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"அல்லாவே, எம்.ஜி.யா! வாங்க சேர், வாங்க டீச்சர். பதினஞ்சு இஞ்சிச் சில்லு. இந்த சைஸ் இப்ப லேசில வராது. முதுகு வளைஞ்ச அந்தப் பழைய ஆமைக் காருக்குப் போடுறதுதான் இதுக்கும் போகும். ஒங்கட அதிர்ஷ்டம், எங்கிட்ட மூணு வகை இரிக்கி."

முதல் வகையை அவர் சீலைத் துணி விரிப்பதுபோல உருட்டிக்கொண்டு வந்தார். கறுப்பு டயரின் பக்கத்தில் பால் வெள்ளைப் பட்டை. "நைலோன். கலியாணக் காருக்கெல்லாம் இதுதான். போட்டோவில மாப்பிள்ளைய விட டயர் வடிவா விழும்."

இரண்டாவது, சாதாரணக் கறுப்பு ரேடியல், இந்தக் காலத்துக் கார்களுக்குப் போடுவது. மூன்றாவது, ஒரு ஆமைக் காரில் ஓடிக் கழன்ற பழைய நாலு.

குணேஸ்வரி வெள்ளைப் பட்டை டயரின் அருகே குனிந்தாள். "தம்பி, இதில அடிச்சிருக்கிற கடைசி நாலு இலக்கமும் என்ன?"

"அது கொம்பனி நம்பர், டீச்சர்."

"செய்த கிழமையும் வருஷமும் இல்லையோ?"

முனாப் அவளைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் போனில் டயரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சந்தேகப்படுகிறவர்களைப் போல உலகத்தில் வேறு யாரும் அக்கறையாகப் படிப்பதில்லை.

"இது செய்யேக்க என்ர மகள் ஓ லெவல் சோதினை எழுதினவள்," என்றாள் குணேஸ்வரி. "டயரும் பழசாகிப் போகும்தானே, நிண்ட நிலையிலயே?"

"நிழல்ல வச்சது டீச்சர்..."

"ஓம். அவளும் நிழலிலதான் வளர்ந்தவள்."

முனாப் வெள்ளைப் பட்டையை வந்த வழியே உருட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது வியாபாரத்தை மாற்றியிருந்தார். "சரி, ஒழுங்காப் பேசுவம். சேர், கார் எவ்வளவு தூரம் ஓடும்?"

இங்கேதான் ஆனந்தராசா மாட்டுப்பட்டார். மனைவியிடம் பொய் சொல்லலாம். உலகம் முழுக்கச் சொல்கிறார்கள், பெரும்பாலானோர் உயிரோடு இருக்கிறார்கள். டயர்க்காரனிடம் சொல்ல ஏலாது. அவன் நம்பிவிடுவான். நம்பி, பொய்க்குப் பொருத்தமான டயரைப் போட்டுவிடுவான்.

"கிட்டத்தான்," என்றார் ஆனந்தராசா.

"கிட்ட எண்டா? கந்தளாய்ப் பக்கம் எண்டா ஆனை நிக்கும், சடக்கெண்டு பிரேக் பிடிக்கோணும்."

"கந்தளாய்ப் பக்கம் இல்ல."

"அப்ப வடக்கால. நிலாவெளிக்கு இங்காலயா, அங்காலயா?"

ஆனந்தராசா மேலே பார்த்தார். கடையில் மின்விசிறி இல்லை. "அங்கால."

குணேஸ்வரி ஒரு லொறி டயரின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"தார் ரோட்டா, மணலா சேர்?"

"தார்தான். கடைசித் துண்டு மணல்."

"எத்தின பேர் ஏறுவீங்க?"

"நான் மட்டும்."

"போய் வரவா?"

"போக மட்டும்."

"அப்ப புதுசு என்னத்துக்கு?" முனாப் மகிழ்ச்சியோடு பழைய நாலையும் தட்டினார். "இதுவே காணும். ஒரு பயணம் தாங்கும். கம்பிச் சில்லு எண்டபடியா டியூப் மட்டும் புதுசாப் போடுவம்."

"இறக்கக்கண்டிக்கோ?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

முனாப், அது தன்னிடம் கேட்ட கேள்வி என்று நினைத்து, "அங்க மணல் கொஞ்சம் கூட, டீச்சர்," என்றார். பிறகு முகங்களைப் பார்த்துவிட்டு, பால் இல்லாத பிளேன்ரீ சொல்லப் போனார்.

"என்ர அப்பான்ர காரை எனக்குத் தெரியாமக் கொண்டுபோய்க் குடுக்கப் போறியள்."

"உம்மட்டக் கேட்டா விடுவீரோ?"

"கேட்டுப் பாத்தனீங்களோ?"

"குணேஸ், அவன் சொல்லிப்போட்டான். கார் எங்கட படலைக்கு வெளியில வந்தாத்தான் தான் உள்ளுக்கு வருவானாம். பிள்ளை போய்க் கேட்டவள். சொல்லு பிள்ளை."

பிரியதர்சினி ஒரு உழவு மிஷின் டயரின் பின்னாலிருந்து தலையை ஆட்டினாள். "ஓம் அம்மா. மாமா அப்பிடித்தான் சொன்னவர்."

"தம்பலகாமத்தாரை மாமன் எண்டு நிப்பாட்டலாம்," என்றார் ஆனந்தராசா. குரல் இறங்கியிருந்தது. "அவரும் நிப்பார். ஆனா அவர் நிக்கிற நிலையிலயே சனத்துக்கு விளங்கும், இவர் பதிலுக்கு வந்தவர் எண்டு. அவருக்கும் விளங்கும். மாமன் உயிரோட அரை மணித்தியாலத் தூரத்தில இருக்கேக்க, என்ர ஒரே பிள்ளை அப்பிடியோ மணவறைக்குப் போறது? ஒரு காருக்காக?"

குணேஸ்வரி சீலையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். தம்பி அவளுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்காமல் விலை வைத்திருக்கிறான். வாங்கிய அடுத்த நாளே கொழும்புக்கு விற்றாலும் விற்பான். அவனுக்கு அந்தப் புத்தி உண்டு என்று அவள் உறுதியாக நம்பினாள், ஏனென்றால் அவனைப் பற்றித் தனக்கு இப்போது ஒன்றும் தெரியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அடுத்த கிழமை மகள் மணவறைக்கு வரும்போது அவளுக்கு முன்னால் உழவு மிஷின்காரர் ஒருவர் கூச்சத்தோடு நடந்து வருவதையும் அவளால் பார்க்க முடிந்தது.

முனாப் பிளேன்ரீயோடு வந்தார்.

"தம்பி, அந்தப் பழசு வேண்டாம்," என்றாள் குணேஸ்வரி.

"ஏன் டீச்சர்? ஒரு பயணம்தானே."

"குடுக்கிறதெண்டா ஒழுங்காக் குடுக்கோணும். பழைய டயரோட அனுப்பினா அவன் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிவான், அக்கா தந்த வடிவைப் பாருங்கோ எண்டு."

ஆனந்தராசா கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். அவருக்கு இந்த வெற்றி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே இருக்கவில்லை. அதனால் உடனே வேறொரு சண்டையைத் தொடங்கினார். அந்தக் காலத்துக் காருக்கு நைலோன்தான் பொருத்தம், ரேடியல் போட்டால் ஸ்டீரிங் பாரமாகும் என்றார். முனாப் இப்போது ஆரும் நைலோன் தேடுவதில்லை என்றார். சற்று முன் வெள்ளைப் பட்டையை விற்கப் பார்த்தது வேறு ஒரு முனாப் என்பதுபோல.

"ரெண்டு பேரும் பொறுங்கோ. ஓடப் போறவனிட்டயே கேப்பம்."

"அம்மா, வேண்டாம்!" பிரியதர்சினி உழவு மிஷின் டயரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா வேலையா இருப்பார். பின்னேரம் நான் கேட்டுச் சொல்லுறன்."

ஆனால் குணேஸ்வரி, இத்தனை வருஷமும் அழிக்காமல் வைத்திருந்த இலக்கத்தை அழுத்தி, போனைக் காதில் வைத்துவிட்டாள். மணி போனது. மறுபக்கத்தில் படகு எஞ்சின் ஒன்று இருமி நின்றது.

"ஹலோ?"

"நான்தான்."

பின்னால் ஒரு அலை உடைந்தது.

"அக்கா."

"ஓம்." வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த வாக்கியங்கள் அவளிடம் இருந்தன. வாயில் வந்தது வேறொன்று. "ரேடியலோ, நைலோனோ?"

"என்னது?"

"டயர். காருக்கு."

"எந்தக் காருக்கு?"

"எங்களிட்ட எத்தின கார் நிக்குது?"

சிவரூபனின் குரல் சட்டென்று ஒடுங்கியது. "ஏன் இப்ப டயர்? ஆருக்கும் விக்கப் போறியளோ?"

அதே இரத்தம்தான். குணேஸ்வரிக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. "உனக்குத்தான்டா. நீதானே கேட்டனி, கார் வந்தாத்தான் கலியாணத்துக்கு வருவன் எண்டு."

"நானோ? நான் எப்ப கேட்டனான்?"

"பிரியா வந்து..."

"பிரியா வந்தவள், ஓம். மாமா வருவியளோ எண்டு கேட்டவள். அக்கா ஒருக்கா வாய் திறந்து கூப்பிட்டாக் காணும் எண்டனான். காரைப் பற்றி மூச்சும் விடேல்ல. எனக்கு என்னத்துக்கு அது? இந்த உப்புக் காத்தில ரெண்டு மாரிக்குத் தாங்காது."

குணேஸ்வரி போனை மற்றக் கைக்கு மாற்றினாள். அதுவரை அவள் மகளைப் பார்க்கவில்லை.

"தம்பி."

"சொல்லுங்கோ."

"கூப்பிடுறன்."

"பிறகு எடுக்கப் போறியளோ?"

"இல்லையடா மடையா. கலியாணத்துக்குக் கூப்பிடுறன். வாற திங்கக்கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு. உப்புவெளிக்குப் போகேக்க எங்கட பக்கத்தால முன்னுக்கு நீதான் போகோணும்."

எஞ்சின் பக்கத்தில் ஏதோ இரும்புச் சாமான் விழுந்து உருண்டது. அதை அவன் எடுக்கவில்லை.

"ஓம் அக்கா," என்றான். பிறகு, "ரேடியல் போடுங்கோ. நைலோன் எண்டா ரோட்டுத் தாரில இருக்கிற கோடு போற பக்கம் எல்லாம் காரை இழுத்துக்கொண்டு போகும்."

போனை வைத்தான். குணேஸ்வரி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். புது ரப்பர் வாசம் கண்ணையும் எரிக்கும் போலிருக்கிறது.

ஆனந்தராசாவுக்குப் பாதிக் கதை கேட்டிருந்தது, மீதியை முகத்தில் வாசித்துவிட்டார். "வாறானோ?"

"வாறான். கார் கேக்கேல்லையாம்."

"கேக்கேல்லையோ?" அடுத்த கணம் சந்தோஷம் அந்தக் கேள்வியை மூடிவிட்டது. அவர் அந்த வகை மனிதர். "அப்ப டயரே தேவையில்ல! முனாப், மன்னிச்சுக்கொள்ளும். கார் நிண்ட இடத்திலயே நிக்கட்டும். வாரும் குணேஸ், தம்பலகாமத்தாருக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிப்பம்."

"இல்லை," என்றாள் பிரியதர்சினி.

கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கே தெரிந்தது.

"வந்தது வந்தனாங்கள்தானே அப்பா. வாங்குவம்."

குணேஸ்வரி இப்போதுதான் மகளைப் பார்த்தாள். நல்லாகப் பார்த்தாள். மாமன் கேட்காத காரைக் கேட்டதாகச் சொன்னது இவள். அம்மா விடமாட்டாள், அப்பா டயர் போடுவார் என்று இருவரையும் சரியாகக் கணித்தது இவள். மாமன் வருவதும் வராததும் இவளுக்கு இரண்டாவது விஷயம். கார் ஓட வேண்டும், அதுதான் முதலாவது.

"என்னத்துக்குப் பிள்ளை?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

"சும்மா அம்மா. வடிவுக்கு."

முனாப் அந்தப் பதிலை ஏற்கவில்லை. அவருக்குத் தொழில் இருந்தது. "வடிவுக்கு எண்டா வெள்ளைப் பட்டையே காணுமே, தங்கச்சி. ஓடுறதுக்கு எண்டாச் சொல்லுங்க. எந்தப் பக்கம்? மணலா?"

பிரியதர்சினி தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். பொய் சொன்னால் என்ன டயர் வரும் என்று அவளும் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"மணல் இல்ல, நானா. மலை."

"கோணேசர் கோயில் மலைக்கா?"

"இல்ல. வளைவு கூடின மலை. மழையிலயும் வழுக்கக்கூடாது."

"எத்தின பேர்?"

"ரெண்டு பேர்."

"எப்பத்துக்குப் போட்டுத் தரோணும்?"

"திங்கக்கிழமைக்கு முன்னம். பொன்னுருக்குக்கு முன்னம்."

ஆனந்தராசா சிரித்த முகத்தோடே நின்றார். அதை எப்படி இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. குணேஸ்வரி மனதுக்குள் பாதையைப் போட்டுப் பார்த்தாள். அவர்களுடைய வீட்டிலிருந்து உப்புவெளி மாப்பிள்ளையின் வீடுவரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்ட வேகத்தடையைத் தவிர ஏறுவதற்கு ஒரு மேடும் இல்லை. ஓட்டோவில் செத்துப்போன இரண்டாவது சந்தேகம் எழுந்து உட்கார்ந்தது: காரில் இரண்டு இருக்கை, ஒன்று மகளுக்கு, மற்றது ஆருக்கு?

முனாப் தலையாட்டிவிட்டு ரேடியல் எடுக்க உள்ளே போனார். அவருக்குத் தேவையான பதில் எல்லாம் கிடைத்துவிட்டது.